கீழ்த்தட்டில் நனைந்த 226 துணிகள்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. விடியற்காலை மூன்றரை மணிக்குக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், கணுக்கால் வரை தண்ணீர். மிக்ஜாம் புயல் மழை முந்தின நாளிலிருந்தே விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. முடிச்சூரில் எங்களுடையது தரைத்தள வீடு. கணவர் மஸ்கட்டில், மகள் திருச்சியில் கல்லூரி விடுதியில். வீட்டில் நான் ஒருத்திதான். கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் வீட்டுப் பத்திரம் இருந்த ஃபைலையும் மகளின் சான்றிதழ்களையும் நகை டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். அரிசி டிரம்மைச் சமையல் மேடைமேல் ஏற்றினேன். பாதி காலியான சிலிண்டர் மிதக்கத் தொடங்கியிருந்தது, அதை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினேன். துணி என்று ஒன்று வீட்டில் இருப்பதே நினைவுக்கு வரவில்லை. பீரோவைத் திறக்கக்கூட இல்லை. துணிதானே, நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம் என்றுதான் யாரும் நினைப்போம்.

விடிவதற்குள் தண்ணீர் தொடை வரை வந்துவிட்டது. மாடி வீட்டு அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான்கு நாள் அவர்கள் வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்து கீழே இறங்கி வந்தபோது வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை, அத்தனை வாடை. சுவரில் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவை எவை தெரியுமா? பீரோவின் கீழ் இரண்டு தட்டுகள், பிளைவுட் அலமாரியின் கீழ்ப் பாதி, கட்டிலுக்குள் இருக்கிற பெட்டி, அதன் பக்கத்தில் இரண்டு சூட்கேஸ். எல்லாமே துணி.

பிளைவுட் அலமாரி தண்ணீரில் உப்பி, கதவு இறுகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி வந்து நெம்பித்தான் திறந்தேன். உள்ளே அடுக்கியிருந்த அடுக்கு கலையாமல் அப்படியே இருந்தது. மேலே இருந்த சுடிதாரைத் தொட்டபோது கை வழுக்கியது. நான்கு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறிய துணியின் மேல் ஒரு பிசுக்கு படிந்திருந்தது. நடுவில் இருந்த துணிகளில் கறுப்புப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. பூஞ்சை என்றுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு எழுந்து செய்யத் தொடங்கிய ஒவ்வொரு காரியமும் தப்பு.

முதல் தப்பு, எல்லாவற்றையும் வாரி எடுத்து ஹாலில் ஒரே குவியலாகப் போட்டது. ஒரே இடத்தில் இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்துத் துவைக்க வசதி என்று நினைத்தேன். ஈரத்துணி குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும். ஒரே நாளில் மேலும் முப்பது நாற்பது துணி அப்படிப் போயிற்று. மெரூன் நிறச் சுங்குடி ஒன்று தன்னைச் சுற்றியிருந்த அத்தனை வெளிர்நிறத் துணிகளுக்கும் சாயத்தைக் கொடுத்துவிட்டது. இரண்டாவது தப்பு, சேற்றோடு இருந்த துணியை அப்படியே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டது. சேறு நூலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது, அதன் பிறகு எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் பழுப்பு போகவில்லை. மூன்றாவது, தெருவுக்குப் போடக் கொடுத்த பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் கரைத்து அதில் துணியை முக்கியது. கிருமி போகும் என்று யாரோ சொன்னார்கள். கிருமி போயிற்றோ என்னவோ, கலர் துணிகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. நல்லவேளையாகப் பட்டை அதில் முக்கவில்லை. பட்டையும் கம்பளியையும் பிளீச்சிங் பவுடர் அரித்தே விடும்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், இங்கே சொல்லிவிடுகிறேன். கையுறை போடாமல் தொடாதீர்கள். என் காலில் ஒரு சிராய்ப்பு இருந்தது, அதோடு அந்தத் தண்ணீரில் நின்றதற்காக டாக்டர் திட்டி, எலிக்காய்ச்சல் வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார். துணிகளைக் குவிக்காமல், துவைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, சேற்றோடேகூடக் கொடியிலோ கைப்பிடிச் சுவரிலோ நாற்காலி முதுகிலோ ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கவே கூடாது. ஈரத்துணியைக் காப்பாற்ற நமக்கு இருப்பது ஒன்றிரண்டு நாள்தான். பிறகு நிறம் வாரியாகப் பிரித்து, சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் சேறு முழுக்கப் போகிற வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். அப்புறம்தான் சோப்பு. பருத்தியாக இருந்தால் வெந்நீர், கடைசியில் நல்ல வெயில். அவசரம் இல்லாத துணியைக் கடைசிக்கு விடுங்கள், அன்றாடம் உடுத்துவதை முதலில் எடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். பழைய நினைவுள்ள துணிகளை முதலில் காப்பாற்றப் போய், வேலைக்கு உடுத்திப் போகிற பருத்திச் சுடிதார்கள் கெட்டுப்போயின. அடுத்த வாரம் மாடி அக்காவின் சுடிதாரைத்தான் ஆபீசுக்குப் போட்டுப் போனேன்.

பட்டுப் புடவை பதினொன்று நனைந்திருந்தது. அதில் ஒன்று என் கல்யாணப் புடவை, 2001-ல் காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தது, அன்றைக்கு 9,500 ரூபாய். அரக்கு உடல், சந்தன நிற முந்தி. பெட்டியிலிருந்து எடுத்து விரித்தபோது அரக்குச் சாயம் முந்தியில் மேகம் மாதிரி பரவியிருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் கோடு கோடாக அடர்த்தியாக இருந்தது. நான் பதற்றத்தில் அதை முறுக்கிப் பிழிந்தேன். நனைந்த பட்டு நூலுக்குப் பலம் குறைவு, அதை முறுக்கவே கூடாது. ஜரிகை ஓரத்தில் நூல் விட்டுப்போய் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் விழுந்தது, அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. நனைந்த பட்டைத் தட்டையாக வைத்து, மடிப்புகளுக்கு நடுவில் பழைய வெள்ளை வேட்டியை வைத்துச் சுருட்டினால், சாயம் வேட்டிக்குப் போகும், புடவைக்குள் பரவுவது குறையும். அப்புறம் நிழலில்தான் காயவைக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் நனைந்த துணியை உடனே கவனிக்க ஆளில்லாவிட்டால் அதை உறைய வைத்துவிடுவார்களாம். கரண்ட் உள்ள உறவினர் வீட்டு ஃபிரீசரில் ஒரு புடவைக்கு இடம் கேட்டிருந்தால் யாராவது கொடுத்திருப்பார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

பதினொன்றையும் ஒரு டிரைகிளீனிங் கடையில் கொடுத்தேன். ஒன்றுக்கு 350 வீதம் 3,850 ரூபாய். நான்கு புடவை உடுத்துகிற மாதிரி திரும்பி வந்தது, மற்ற ஏழு அப்படி வரவில்லை. கிலோக் கணக்கில் துவைத்துக் கொடுக்கும் இடத்தில் 26 கிலோ கொடுத்தேன், கிலோ 80 ரூபாய், 2,080. கையுறை, சோப்பு, டெட்டால் என்று ஒரு 900. குப்பையை அப்புறப்படுத்த வந்த லோடு ஆட்டோவுக்கு 1,200. ஆக 8,030 ரூபாய் கையிலிருந்து போயிற்று. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் இதற்கே பத்தவில்லை. ஆபீசுக்கு ஒன்பது நாள் லீவு, அதில் ஐந்து நாள் சம்பளம் இல்லாமல். கெட்டுப்போன துணிகளின் விலையை வாங்கிய கணக்கில் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தொடும்.

பணத்தைவிட என்னை அதிகம் அசைத்தது அந்தத் துணிகளை எங்கேயும் கொடுக்க முடியாமல் போனதுதான். பழைய துணி வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்கும் ஓர் அமைப்புக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "துவைச்சு, காய வெச்சு, உடுத்துற மாதிரி இருந்தா எடுத்துக்கறோம் மேடம். வெள்ளத்துல நனைஞ்சது வேண்டாம், மத்த துணியையும் கெடுத்துடும்" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். காயலான் கடைக்காரர் துணி என்றதும் கையை ஆட்டிவிட்டார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வந்தபோது ஓடிப்போய்க் கேட்டேன், அவரும் காய்ந்த துணிதான் எடுப்பாராம், அதிலும் ஜரிகைப் புடவை, பேண்ட் என்றால்தான் மதிப்பாம். கடைசியில் குப்பை எடுக்க வந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிச்ச துணிம்மா, ஒரு மூட்டை ரெண்டு மூட்டை கனம் கனக்குது. இது நேரா கெடங்குக்குத்தான் போவும்" என்றார். எங்கள் தெருவில் அன்று எல்லார் வீட்டு வாசலிலும் அதே மூட்டைகள். அந்த அம்மா தனி ஆளாக எத்தனை தூக்கியிருப்பார்!

சுனாமி வந்த 2004-ல் நாகப்பட்டினம் பக்கம் தானமாக வந்த பழைய துணிகள் சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்ததை அப்போது டிவியில் பார்த்திருக்கிறேன். இலவசமாகக் கொடுத்தும் வாங்க மாட்டேன் என்கிறார்களே என்று அன்று எங்கள் வீட்டில்கூடப் பேசினோம். கிழிந்ததையும் பட்டன் இல்லாததையும், கடலோர மீனவப் பெண்கள் உடுத்தாத உடைகளையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு அப்படிப் பேசியது எவ்வளவு தப்பு என்று, என் வாசலில் எனக்கே மூட்டை வந்த பிறகுதான் புரிந்தது. கொடுக்க வேண்டும் என்றால் துணி நன்றாக இருக்கும்போது கொடுக்க வேண்டும். காய்ந்து சுத்தமாக இருக்கும் வரை ஒரு துணிக்குப் போக நான்கு இடம் இருக்கும். நனைந்து நாறிய பிறகு அதற்கு ஒரே இடம்தான்.

மூட்டை கட்டும்போது ஏனோ ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். புடவை 64. பிளவுஸ் 41. சுடிதார், மேல் கீழ் ஷால் எல்லாம் சேர்த்து ஒன்று என்று வைத்தால் 38. கணவரின் சட்டை, பேண்ட், வேட்டி 37. மகளுக்குச் சிறிதாகிப்போன உடைகள் 46. மொத்தம் 226. இது தண்ணீரில் மூழ்கியது மட்டும், மேல் தட்டுகளில் இருந்தது தனி. அப்புறம் அந்த 226-ல் கடந்த ஒரு வருடத்தில் உடுத்தியவை எவை என்று பேனாவால் டிக் அடித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு. மீதி எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருந்தவை. மகளின் ஆறாம் வகுப்புப் பாவாடை சட்டை, நான் இளைத்தால் போடலாம் என்று வைத்த சுடிதார்கள், ஆடித் தள்ளுபடியில் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று எடுத்த சிந்தெட்டிக் புடவைகள், லேபிள்கூடக் கிழிக்காத மூன்று சட்டைகள். இவற்றை இரண்டு வருடம் முன்பே கொடுத்திருந்தால் எத்தனை பேர் உடுத்தியிருப்பார்கள். மகளின் அந்தப் பாவாடையை எங்கள் ஆபீசில் துப்புரவு வேலை செய்யும் பெண் தன் குழந்தைக்காக ஒருமுறை நேரடியாகவே கேட்டிருக்கிறார். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று நான்தான் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது.

226-ல் 83 துணியைக் காப்பாற்றினேன், 143 போயிற்று. போனதில் ஏழு பட்டுப் புடவைகள் மட்டும் மூட்டைக்குள் போகவில்லை. "பழைய பட்டுப் புடவை வாங்குகிறோம்" என்று மைக் கட்டிய வண்டியில் வந்தவரிடம் கல்யாணப் புடவையைத் தவிர மற்ற ஆறைக் காட்டினேன். அவர் ஜரிகையை நகத்தால் சுரண்டி, முகத்தைச் சுளித்து, "இது எல்லாம் இமிடேஷன்மா, வண்டிச் செலவுக்குத்தான் ஆகும்" என்றார். மனமும் உடம்பும் ஓய்ந்துபோயிருந்த நேரம். ஆறுக்கும் சேர்த்து 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். இவர்கள் புடவையை வாங்குவது உடுத்த இல்லை, எரித்து ஜரிகையில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கத்தான். என் மாமியார் காலத்துப் புடவை இரண்டு அதில் இருந்தது. அவையும் இமிடேஷன் என்று அவர் சொன்னதை நான் நம்பியிருக்கக் கூடாது. அசல் ஜரிகை என்றால் நடுவில் சிவப்புப் பட்டு நூல் இருக்கும், அதன் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் போட்டிருப்பார்கள். ஓரத்தில் ஒரு இழையை இழுத்துச் சுரண்டிப் பார்த்தால் அந்தச் சிவப்பு தெரியும். சிவப்புக்குப் பதில் வெள்ளை நூலோ பிளாஸ்டிக் மாதிரி பளபளப்போ தெரிந்தால் அது வேறு. இதை நீங்களே பார்த்துவிட்டு, இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். வாசலுக்கு வந்தவரிடம் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று எந்த அவசரமும் இல்லை.

காப்பாற்றியும் உடுத்த லாயக்கில்லாமல் போன துணி கொஞ்சம் இருந்தது. துவைத்துக் காயவைத்து எங்கள் தெருமுனை மெக்கானிக் கடைக்கு எடுத்துப் போனேன், கை துடைக்க ஆகுமே என்று. அந்த அண்ணன் பையைக் கொட்டி ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துப் பார்த்தார். பழைய வேட்டி, காட்டன் நைட்டி, பனியன் எல்லாம் ஒரு பக்கம் போட்டார். வழவழப்பான சுடிதார்களை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது ஆயிலை இழுக்காதுக்கா, பூசிவிட்டுட்டுப் போயிடும்" என்றார். என் முன்னாலேயே அதில் ஒரு துண்டை எண்ணெய் சிந்தின தரையில் போட்டுத் தேய்த்துக் காட்டினார். எண்ணெய் அந்தத் துண்டைச் சுற்றிச் சறுக்கிப் போயிற்று. பக்கத்தில் பனியன் துண்டை வைத்தார், ஒரே இழுப்பில் தரை காய்ந்தது. ஒரு துணி தன் முதல் வேலையை முடித்த பிறகு அதற்கு இரண்டாவது வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது கடையில் அதை எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது என்று அங்கே நின்றபடி தோன்றியது.

அன்றிலிருந்து எந்தத் துணியையும் என்ன நூல் என்று பார்க்காமல் எடுப்பதில்லை. லேபிளில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. வீட்டில் இருக்கும் துணியில் சந்தேகம் என்றால் தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவேன். பருத்தி காகிதம் எரிகிற மாதிரி எரிந்து சாம்பல் உதிரும். பட்டு என்றால் முடி கருகின வாடை. பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டியாகிவிடும், அது பிளாஸ்டிக்தான். மண்ணில் போட்டால் மக்காது, துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை சாக்கடை வழியே போய்க்கொண்டிருக்கும். பழைய குப்பைக் கிடங்குகளைத் தோண்டிச் சலிக்கிற இடங்களில் மக்காத துணி பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வெளியே வருகிறது, அதை சிமெண்ட் ஆலைகளுக்கு எரிக்க அனுப்புகிறார்கள். கலப்பு நூல் இன்னும் மோசம், பருத்தி மாதிரியும் பயன்படாது, பிரித்தெடுப்பதும் கடினம்.

இதையெல்லாம் நான் புதிதாகக் கற்றுக்கொண்டதாகச் சொல்வதே வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நான் பிறந்த ஊர் சென்னிமலைப் பக்கம். அப்பா தறி நெய்தவர். படுக்கை விரிப்பு நெய்கிற ஊரில் ஒரு முழத் துணிக்கு எத்தனை பேர் கை பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். துணிக்கு ஏற்றும் சாயம் என்ன செய்யும் என்றும் தெரியும். எங்கள் பக்கத்தில் நொய்யல் ஆற்றுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள், பாசனத்துக்காக. திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கிற நிலைமை வந்தது. கிணறுகள் உப்புக் கரித்தன. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை முழுக்கச் சுத்திகரிப்பது கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. நான் லேபிள்கூடக் கிழிக்காமல் வைத்திருந்த அந்த மூன்று சட்டைக்கும் ஏதோ ஓர் ஊரின் தண்ணீர் செலவாகியிருக்கும். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பஞ்சு விளைவதிலிருந்து கணக்கிட்டால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று சொல்கிறார்கள். என் மூன்று சட்டைகளும் ஒரு முறைகூட உடுத்தப்படாமல் சாக்கடையில் ஊறிக் குப்பைக்குப் போயிற்று.

ஜனவரியில் அம்மா வந்து இரண்டு வாரம் இருந்தார். காய்ந்து மிஞ்சிய பழைய காட்டன் புடவைகளைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் கண்ணு போடறே, எடு ஊசியை" என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு புடவைகளை ஒன்றன்மேல் ஒன்று விரித்து, நடுவில் கிழிந்த வேட்டியை வைத்து, நான்கு விரல் இடைவெளிக்கு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போனார். பத்து நாளில் இரண்டு போர்வை. கடையில் எந்தப் போர்வையும் இந்தக் குளிருக்கு இந்தச் சுகம் தராது. அம்மாவின் வீட்டில் துணி என்றைக்கும் நேராகக் குப்பைக்குப் போனதில்லை. புடவை தூளியாகும், தூளி தலையணை உறையாகும், அப்புறம் கரித்துணி, கடைசியில் அடுப்புப் பிடிதுணி. நான் நடுவில் எங்கோ அதை விட்டுவிட்டேன்.

இப்போது வீட்டில் செய்பவற்றில் நிலைத்து நின்றவை சில. ஆளுக்கு ஒரு தட்டு, அதற்குள் அடங்குவதுதான் துணி. புதிது ஒன்று வந்தால் அன்றைக்கே ஒன்று வெளியே போக வேண்டும், துவைத்து, இஸ்திரி போட்டு, பட்டன் சரிபார்த்து, கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். "உங்களுக்குத் தேவைப்படுமா, வேண்டாம் என்றாலும் பரவாயில்லை" என்று கேட்டுக் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகமே வேறு மாதிரி இருக்கிறது. கிழிசல் விழுந்தால் அந்த வாரமே தைத்துவிடுகிறேன், தள்ளிப்போட்டால் அது மூலையில் சேரும். அதற்காக ஊசி, நாலைந்து கலர் நூல், பட்டன் டப்பா எல்லாம் டிவி பக்கத்திலேயே இருக்கின்றன. பேண்ட், ஜீன்ஸ் கிழிசலை நூலால் பின்னி மூடும் டார்னிங் கடைகள் தாம்பரத்தில் இருக்கின்றன, ஐம்பது நூறு ரூபாயில் இன்னும் இரண்டு வருடம் ஓடும். பழைய துணியை வைத்து அது இது செய்கிறேன் என்று மூட்டை சேர்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதுவும் ஒரு பதுக்கல்தான். மூன்று மாதத்துக்குள் தைக்காத துணி என் கையால் இனித் தைக்கப்படாது என்று ஏற்றுக்கொண்டேன்.

பிளவுஸ் பிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூட்கேஸில் எழுபதுக்கு மேல் இருந்தது, அவற்றை நோட்டுக் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. கொலு, வரலட்சுமி நோன்பு, கிரகப்பிரவேசம் என்று தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தவை. எல்லாம் மெல்லிசான பாலியஸ்டர், எந்தப் புடவைக்கும் சேராத நிறங்கள். நாமும் அதையே இன்னொருவருக்கு வைத்துக் கொடுப்போம், அவர் இன்னொருவருக்கு. ஒருவரும் தைத்ததில்லை. போன கொலுவுக்கு நான் பிளவுஸ் பிட் வைக்கவில்லை. தையல்காரப் பெண்ணிடம் காடாத்துணி கொடுத்து மஞ்சப்பை தைத்து வாங்கினேன், பை ஒன்றுக்குத் தையல்கூலி 15 ரூபாய். அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் சுண்டல். இரண்டு பெரியம்மாக்களுக்கு மனக்குறைதான், சுமங்கலிக்கு ரவிக்கைத்துணி இல்லாமலா என்றார்கள். அவர்களுக்காக மட்டும் நல்ல காட்டன் துணியாக இரண்டு எடுத்து வைத்துவிட்டேன். சம்பிரதாயத்தை உடைப்பது என் நோக்கம் இல்லை. கொடுப்பது உடுத்துகிற மாதிரி இருக்கட்டும் என்பதுதான்.

மிஞ்சிய நான்கு பட்டுப் புடவைகளைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி மேல் தட்டில் வைத்திருக்கிறேன். கூடவே துணியில் முடிந்த வசம்பு. அந்து உருண்டையைப் பட்டின் மேல் நேராகப் போடுவதில்லை, ஜரிகை கறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்கிறேன். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு விட்டுப்போகும். அப்புறம், உடுத்துகிறேன். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு கல்யாணம் என்று காத்திருந்தவை, இப்போது வெள்ளிக்கிழமை கோயிலுக்கே கட்டிக்கொண்டு போகிறேன்.

கல்யாணப் புடவையை மூட்டையில் போடவும் மனம் வரவில்லை, கட்டவும் முடியவில்லை. தையல்காரப் பெண் அதைத் தரையில் விரித்து அரை மணி நேரம் பார்த்தாள். சாயம் பரவாத இடம் உடலின் நடுவில் மூன்று மீட்டர் போல இருந்தது. மகளுக்கு ஒரு நீளக் குர்த்தா வெட்டினாள், காட்டன் லைனிங் வைத்து 900 ரூபாய் கூலி. கத்தரி பட்டபோது நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். மகள் தீபாவளிக்கு அதைத்தான் போட்டாள், கடைக்குப் போகவில்லை.

இந்த அக்டோபரில் மழை தொடங்குவதற்கு முன் பீரோவை மறுபடி அடுக்கினேன். கட்டில் பெட்டி காலி, சூட்கேஸ் இரண்டையும் கொடுத்துவிட்டேன். சுவரில் அந்தப் பழுப்புக் கோட்டின் மேல் பெயிண்ட் அடித்தாயிற்று, ஆனாலும் அது எந்த உயரத்தில் இருந்தது என்று பென்சிலால் ஒரு சின்னக் குறி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே துணி இல்லை. கீழ்த்தட்டில் மாமியாருடைய பித்தளைப் பாத்திரங்களை வைத்திருக்கிறேன். தண்ணீர் வந்தால் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடலாம்.